அட்டாலியில் உப்பு ஜாடி

மார்ச் 3, செவ்வாய்

இந்த டைரி உரக்கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தென்னைக்கு எந்த மாதம் என்ன வைக்க வேண்டும் என்று அச்சடித்திருக்கிறார்கள். எனக்கு என்ன வைக்க வேண்டும் என்று டாக்டர் தனிச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். தைராய்டு மாத்திரை, காலை ஆறு மணிக்கு, வெறும் வயிற்றில், தண்ணீரோடு. தினமும் எடையையும் உடம்பு எப்படி இருக்கிறது என்பதையும் எழுதி ஆறு வாரம் கழித்துக் கொண்டுவர வேண்டுமாம்.

எழுதுகிறேன். பெயர் சென்னியப்பன். வயது ஐம்பத்தேழு. பொள்ளாச்சி. இளநீர் மொத்த வியாபாரம், இருபத்தாறு வருஷம். இளநீர் வியாபாரிகள் சங்கத்துக்குப் பதினோரு வருஷமாகச் செயலாளர். வருகிற மே பதினேழாம் தேதியிலிருந்து தலைவர். எடை 64. உடம்பு நன்றாக இருக்கிறது.

"களைப்பத் தவிர வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்குதுங்களா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டுவது தொந்தரவில் சேராது. வெயில் காலத்தில் எல்லோருக்கும் இருட்டத்தான் செய்யும். உப்பு விஷயத்தையும் சொல்லவில்லை. வீட்டு விஷயங்களை எல்லாம் டாக்டரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

மார்ச் 4, புதன்

மாத்திரையைத் தண்ணீரோடு போட வேண்டும் என்றுதான் சீட்டில் இருக்கிறது. இளநீரும் தண்ணீர்தான். அதிலேயே போட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

உப்பு விஷயம் என்று எழுதிவிட்டேன். டாக்டர் படிக்கப் போகிற டைரி என்பதால் விளக்கிவிடுவது நல்லது.

என் மனைவி சுலோச்சனாவின் தம்பி காளியப்பனுக்குப் போன தீபாவளி அன்று ரத்தக் கொதிப்பு ஏறி, வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. இப்போது நேராகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அவன் உத்தரவுப்படி எங்கள் வீட்டிலும் உப்புக்கு ஊரடங்கு. ரசத்தில் உப்பு இல்லை, சட்னியில் உப்பு இல்லை, ஊறுகாய் பாட்டில்கள் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டன. கொதிப்பு அவள் தம்பிக்கு, பத்தியம் எனக்கு. உப்பு ஜாடியைச் சமையலறை அட்டாலியின் மேல் தட்டில், அப்பளக் கூடைக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். நான் தேடவில்லை. அப்பளம் எடுக்கப் போனபோது கையில் பட்டது.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு அவள் அரை மணி நேரம் படுப்பாள். அந்த நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, உப்பு நமத்துப்போய்விட்டதா என்று சரிபார்ப்பது என் வழக்கம். ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தால்தானே தெரியும்? சில நாள் இரண்டு மூன்று கல் தேவைப்படுகிறது.

மார்ச் 11, புதன்

எடை 62. நாள் முழுவதும் காய் அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் உட்கார்ந்தபடியே வேலை பார்த்தேன். காய் ஏற்றுகிற மாரப்பன், "ஏனுங்க மொதலாளி, இப்பத்தான் தோப்புக்கு நெசமாலுமே போறீங்களாட்ட இருக்குது. நல்லாக் கறுத்துப் போயிட்டீங்க" என்றான். இரண்டு மாதமாக நான் எந்தத் தோப்புக்கும் போகவில்லை. ஆனால் உழைப்பாளி என்று நினைத்துக்கொள்கிறவனை ஏன் திருத்த வேண்டும்? ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

சங்க விழா நோட்டீஸ் அச்சுக்குப் போனது. 'இளநீரில் பொட்டாசியம் ஏராளம்! இயற்கை தந்த குளுக்கோஸ் பாட்டில்!' என்ற வரி நான் எழுதியது. போஸ்டருக்குப் படம் எடுத்த ஸ்டுடியோக்காரர், "கொஞ்சம் வெளுப்பாக்கிக்கலாமுங்களா?" என்றார். வெளுப்பாக்கினார். போஸ்டரில் என் சித்தப்பா மகன் மாதிரி இருக்கிறேன்.

விழா அன்று தலைவராகிறவர் மேடையில் மூன்று இளநீரை ஸ்ட்ரா இல்லாமல், ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்துக் காட்ட வேண்டும். எங்கள் சங்க வழக்கம் அது. அப்படிக் குடித்தால்தான் பதவி. இப்போதைய தலைவர் நடராசு, மூன்று வருஷத்துக்கு முன் குடித்தபோது சட்டை பாதி நனைந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் மறக்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

சோர்வாக இருக்கிறது. மாத்திரை போட்டால் தெம்பு வரும் என்றார்கள். போட ஆரம்பித்ததிலிருந்து இருந்த தெம்பும் போய்விட்டது. வெப்பம்தான் காரணம். இளநீரைத் தினம் நாலிலிருந்து ஆறாக்கிவிட்டேன்.

சுலோச்சனா இப்போதெல்லாம் மத்தியானம் நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்குகிறாள். வயதாகிறது, பாவம். எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது. அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் சமையலறையில் நிதானமாக இருக்கலாம்.

மார்ச் 23, திங்கள்

எடை 60. பச்சை பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாக ஓட்டை போட்டேன். இளைத்தது நல்லதுதான், மேடையில் எடுப்பாக இருக்கும்.

ஸ்டூல் மேல் ஏறியபோது தலை சுற்றி, அட்டாலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பளக் கூடை கீழே விழுந்து உருண்டது. நல்லவேளை, குறட்டை நிற்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

உப்பு ஜாடி கீழ்த் தட்டுக்கு வந்துவிட்டது. நின்றபடியே கையை நீட்டினால் எட்டுகிறது. ஒளித்து வைக்கக்கூடத் தெரியாதவள்.

மார்ச் 30, திங்கள்

இன்று கைநிறைய எடுத்து மோரில் போட்டுக் குடித்தேன். போன வாரம் முழுவதும் இப்படித்தான். ஆனாலும் ஜாடி குறையவே மாட்டேன் என்கிறது. தரமான உப்பு.

ஏப்ரல் 3, வெள்ளி

குமட்டல். சோற்றைப் பார்த்தால் பிடிக்கவில்லை. சுலோச்சனா, "ஏனுங்க, மறுக்காவும் டாக்டரைப் போயிப் பார்க்கலாமுங்க. உங்க ஒடம்பு எனக்குச் சரியாப் படல" என்றாள். ஆறு வாரம் என்று சொன்னால் ஆறு வாரம்தான், நடுவில் போய் நின்றால் நமக்கு மரியாதை இல்லை என்றேன். "ஆமா, இந்த மரியாதைய ஒலையில போட்டுக் காச்சிக் குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இளநீர் எட்டு.

ஏப்ரல் 8, புதன்

எழுத முடியவில்லை. கை நடுங்குகிற

ஏப்ரல் 12, ஞாயிறு. கோயம்புத்தூர், ஆஸ்பத்திரி

நாலு நாள் டைரியில் இல்லை. கிட்டத்தட்ட ஊரிலேயே இல்லை.

புதன்கிழமை கிட்டங்கியில் இளநீர்க் குவியலின் மேல் விழுந்துவிட்டேனாம். மாரப்பன் என்னைத் தூக்கி உட்காரவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, அடுத்து என்ன செய்தான் தெரியுமா? ஒரு காயை வெட்டி வாயில் ஊற்றினான். அவனைக் குறை சொல்ல முடியாது. யார் மயங்கி விழுந்தாலும் முதலில் இளநீர் கொடு என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

பொள்ளாச்சியில் ரத்தத்தைப் பார்த்தவுடன் ஆம்புலன்ஸில் இங்கே அனுப்பிவிட்டார்கள். டாக்டர் நர்மதா, ஹார்மோன் சிகிச்சை நிபுணர். வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. என் உள்ளங்கையைத் திருப்பி ரேகைகளைப் பார்த்தார். ஜோசியம் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். ரேகையெல்லாம் கறுத்திருந்தது. வாயைத் திறக்கச் சொல்லி ஈறைப் பார்த்தார். அதுவும் கறுப்பு.

"உங்க சிறுநீரகத்துக்கு மேல ரெண்டு பக்கமும் அட்ரீனல்னு சின்னதா ஒரு சுரப்பி இருக்குங்க ஐயா. அது ரெண்டும் படுத்துப் பல மாசம் ஆச்சு. ரத்தத்துல உப்பைப் பிடிச்சு வைக்கிறதும், பொட்டாசியத்தை வெளிய தள்றதும் அதோட வேலை. இப்ப உங்களுக்குச் சோடியம் 117. குறைஞ்சது 135 இருக்கணும். பொட்டாசியம் 6.6. அஞ்சைத் தாண்டவே கூடாது. இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தா இதயமே நின்னிருக்கும்."

"எனக்குத் தைராய்டுன்னுதானுங்களே சொன்னாங்க?"

"அதுவும் இருக்கு. ஆனா அட்ரீனலைச் சரிபண்ணாம தைராய்டை மட்டும் முடுக்கிவிட்டா, டீசல் இல்லாத லாரியை மலை ஏத்துற கதைதான். கண்ணு இருட்டுறது, உப்பு தேடுறது எதையாவது அந்த டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

சுவரில் ஒரு பல்லி இருந்தது. அதைப் பார்த்தேன்.

"சரி. தினமும் என்ன குடிப்பீங்க?"

"இளநீருங்க."

"எத்தனை?"

"ஆறுங்க. இப்ப ஒரு வாரமா எட்டுங்க."

டாக்டரின் பேனா நின்றது. "இளநீர்ல என்ன நிறைய இருக்குன்னு தெரியுமா?"

"பொட்டாசியமுங்க!" என்றேன். இருபத்தாறு வருஷப் பழக்கம், பெருமையாகவே வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது.

நல்ல உடம்புக்கு இளநீர் நல்லதுதான், சிறுநீரகம் வேண்டாததை வெளியே தள்ளிவிடும், என் உடம்பில் தள்ள ஆளில்லை என்று டாக்டர் சொன்னார். பிறகு, "இவ்வளவு நாள் நீங்க எப்படித் தாங்கினீங்கன்னுதான் எனக்குப் புரியல" என்றார். வேறு வழியில்லாமல் அட்டாலி விவகாரத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த உப்புதாங்க உங்களைப் பிடிச்சு வெச்சிருக்கு. அது மட்டும் இல்லேன்னா போன மாசமே விழுந்திருப்பீங்க" என்றார்.

சுலோச்சனா ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுத் திருட்டு வெளியே தெரிந்துவிட்டதில் கோபம் போலிருக்கிறது.

ராத்திரிகளில் பயமாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. நலம் விசாரிக்க வந்தவர்கள் கொண்டுவந்தவை: இளநீர் இருபத்திரண்டு, நேந்திரம்பழம் ஒரு தார், சாத்துக்குடி இரண்டு பை. பொட்டாசியம் நிறைந்த பண்டங்களுக்கு ஒரு கண்காட்சி நடத்தலாம். எல்லாவற்றையும் நர்சுகள் எடுத்துக்கொண்டார்கள்.

சுலோச்சனா மட்டும் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். உப்புப் போட்டு உலர்த்திய நார்த்தங்காய். தட்டில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழுவதையும் தின்றேன். கண்ணில் நீர் வந்தது. நார்த்தங்காய் புளிப்பு.

ஏப்ரல் 18, சனி

வீட்டுக்கு வந்தாயிற்று. காலையில் எழுந்ததும் ஹைட்ரோகார்ட்டிசோன், மத்தியானம் மறுபடி. உப்பைப் பிடித்து வைக்க இன்னொரு குட்டி மாத்திரை. தைராய்டு மாத்திரை தனியாக, வெறும் தண்ணீரில். ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் டோஸை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியெடுத்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு அட்டை, மயங்கி விழுந்தால் என்ன ஊசி போட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. உப்பு தாராளமாகச் சேர்க்கலாம். இந்தக் கடைசி வரியை டாக்டர் கையாலேயே எழுதச் சொல்லி வாங்கி வந்தேன். காளியப்பன் வரும்போது காட்ட வேண்டும்.

புறப்படும் முன் கேட்டேன். "விழா மேடையில மூணு இளநீர் மட்டும் குடிச்சுக்கறனுங்களே?"

"வேண்டாம்."

"ஒண்ணு?"

"வேண்டாங்க ஐயா."

"பாதி?"

டாக்டர் சுலோச்சனாவைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். கேள்வி அங்கேயே முடிந்தது.

ஏப்ரல் 21, செவ்வாய்

நடராசு வந்தார். "ஸ்டீராய்டுங்களா? அய்யய்யோ, அதத் தொடாதீங்க, மொகமெல்லாம் உப்பிப் போயிரும்" என்றார். அவர் முகம் எந்த மாத்திரையும் இல்லாமலே உப்பித்தான் இருக்கிறது. இருந்தாலும் மனசு கெட்டுவிட்டது. மத்தியான மாத்திரையை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் எழுந்து நிற்கக் காலில் பலமில்லை. சுலோச்சனா மடிப்பைத் தட்டிப் பார்த்தாள், மாத்திரை தரையில் விழுந்தது. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சுவர் ஓரமாக உட்கார்ந்து அழுதாள். இனி மாத்திரையை ஒளிப்பதில்லை.

மே 4, திங்கள்

எடை 63. ரத்தத்தில் சோடியம் 138, பொட்டாசியம் 4.4. கண் இருட்டவில்லை. கிட்டங்கியில் நின்றபடியே இரண்டு லாரி ஏற்றினேன். உலகம் இவ்வளவு சுறுசுறுப்பானது என்பதே மறந்துபோயிருந்தது.

ஆனால் விழாவுக்கு இன்னும் பதின்மூன்று நாள். இளநீர் குடிக்க முடியாத ஒருவன் இளநீர் சங்கத்துக்குத் தலைவர் என்றால் ஊர் சிரிக்கும். பதினோரு வருஷம் காத்திருந்த நாற்காலி. என்னால் விட முடியவில்லை.

மே 15, வெள்ளி

வழி கிடைத்துவிட்டது. மூன்று காய்களின் கண்ணில் மெல்லிய துளை போட்டு, உள்ளே இருப்பதை வடித்துவிட்டு, உப்பு கரைத்த தண்ணீரை ஊசியால் ஏற்றி, மெழுகு வைத்து அடைத்துவிடுவது. மேடையில் வெட்டினால் யாருக்கும் தெரியாது. மாரப்பன் செய்து தருகிறேன் என்றான். ஆனால் துளை போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. போன வருஷம் ஒரு வியாபாரி காய்க்குள் தண்ணீர் ஏற்றுகிறான் என்று கேள்விப்பட்டு, அவனைச் சங்கத்திலிருந்து விலக்கக் கையெழுத்துப் போட்டவன் நான்.

இது வேறு. இது மருத்துவக் காரணம்.

மே 17, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மேடை மேசையில் என் மூன்று காய்கள், அடையாளத்துக்குச் சுண்ணாம்புப் பொட்டு வைத்தது. எதிரே முந்நூறு பேர். பெண்கள் வரிசையில் சுலோச்சனா. நடராசு மைக்கில் என்னைப் புகழ்ந்து பேசினார். பேசிப் பேசித் தொண்டை வறண்டு, அந்த மூன்றில் ஒரு காயை அவரே எடுத்து வெட்டச் சொல்லிக் குடித்துவிட்டார். நான் பாதி எழுந்து பாதி உட்கார்ந்தேன்.

குடித்து முடித்து உதட்டைத் துடைத்தார். "ஆகா! இந்த வருசத்துக் காய்க்கு ருசியே தனீங்க! இது யாரு தோப்புக் காயி?"

கூட்டம் கைதட்டியது. மாரப்பன் மேடைக்குக் கீழே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த காயை வெட்டி என் கையில் கொடுத்தார்கள். வாய்வரை கொண்டுபோனேன். எந்தத் தோப்பு என்று கேட்டாரே, அது என்னைக் குத்தியது. இருபத்தாறு வருஷத்தில் என் கையால் போன ஒரு காயைப் பற்றியும் நான் பொய் சொன்னதில்லை. காயைக் கீழே வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தேன்.

"இது எந்தத் தோப்புமில்லீங்க. எங்க ஊட்டுக் கொழாயி. உப்புத் தண்ணி. நாந்தானுங்க ஊத்துனேன்."

நடராசு நாக்கை வெளியே நீட்டித் துடைத்துக்கொண்டார். பிறகு பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், அது முன்வரிசை வரைக்கும் வந்தது. நான் நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"எளனி நல்லதுதானுங்க. எனக்குத்தான் ஆகாது. ஆனா நானு பாக்கறவிங்களுக்கெல்லாம் எளனியக் குடி, எளனியக் குடின்னு சொன்னனே ஒழிய, உனக்கு என்ன சீக்குன்னு ஒருத்தரையும் கேட்டதில்ல. எந்திரிச்சாக் கண்ணு இருட்டுனா, ஒடம்பு கறுத்து எளைச்சா, உப்பு உப்புன்னு நாக்கு தேடுனா, கம்முனு இருக்காதீங்க, டாக்டர்கிட்டச் சொல்லிப்போடுங்க. நானு சொல்லல. எங்க ஊட்டு அட்டாலில உப்பத் திருடித் தின்னுட்டு இருந்தேன். அந்தத் திருட்டுதான் எனக்கு உசிரக் குடுத்துச்சு."

"திருடலீங்க!"

பெண்கள் வரிசையில் சுலோச்சனா எழுந்து நின்றிருந்தாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"தெனமும் அந்த ஜாடிய ரொப்பி வெச்சது நானுங்க! நீங்க ஸ்டூல் மேல தடுமாறுனதப் பாத்துப்போட்டுத்தான் கீழ்த் தட்டுல எறக்கி வெச்சேன். புள்ளத்தாச்சி மண்ணத் தேடறாப்புல ஒரு மனுசன் உப்பத் தேடுனா, ஒடம்பு எதையோ கேக்குதுன்னுதானுங்க அர்த்தம்? எந்தம்பி வந்து சத்தம் போடுவான்னு வெளிய சொல்லல. ஆனா அப்பவே கையப் புடிச்சு இழுத்துட்டாச்சும் டாக்டர்கிட்டப் போயிருக்கோணும். போகாதது என்ற தப்புங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மேடையில் நான் என்ன செய்தேன் என்று நினைவில்லை. மாரப்பன் சொல்கிறான், மைக் பக்கத்தில் நின்று தேம்பினேனாம், ஒலிபெருக்கியில் ஆனைமலை ரோடு வரைக்கும் கேட்டதாம்.

நடராசு மாலையை எடுத்து என் கழுத்தில் போட்டார். "ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமப் பதவிக்கு வந்த மொதல் தலைவரு நீங்கதானுங்க" என்றார். காதோரமாக, "உப்புப் போட்டாலும் நல்லாத்தானுங்க இருக்குது" என்றும் சொன்னார்.

மே 18, திங்கள்

மாத்திரைகள் ஆயிற்று. நோட்டீஸில் ஒரு வரி சேர்க்க அச்சகத்துக்குச் சொல்லியிருக்கிறேன்: 'சிறுநீரகம், அட்ரீனல் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடிக்கவும்.'

உப்பு ஜாடி இன்று சாப்பாட்டு மேசைக்கே வந்துவிட்டது, மூடி திறந்து, ஸ்பூன் போட்டு. பகிரங்கமாகப் போட்டுக்கொண்டேன். சுலோச்சனாவிடம், "என்னமோ முன்ன மாதிரி ருசியில்ல அம்மிணி" என்றேன். அவள் ஜாடியை மூடினாள்.

மே 19, செவ்வாய்

மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபோது மேசையில் ஜாடியைக் காணோம். அட்டாலியில் பார்த்தேன். மேல் தட்டில், அப்பளக் கூடைக்குப் பின்னால் இருந்தது.

ஸ்டூலை எடுத்துப் போட்டேன். உள்ளறையிலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. கையில் உப்போடு அப்படியே நின்று கேட்டேன். இந்த முப்பத்தொரு வருஷத்தில் ராத்திரியில் ஒரு நாளாவது அவள் குறட்டை விட்டதுண்டா என்று யோசித்துப் பார்த்தேன்.

இல்லை.

இரண்டு கல்லை வாயில் போட்டுக்கொண்டு, சத்தம் போடாமல் இறங்கினேன்.